அமெரிக்க இறக்குமதி வரி: பணம் யார் கொடுக்கிறார்கள், வேலை யாருக்குப் போகிறது?

கேள்வி இதுதான்: "வெளிநாட்டுப் பொருளுக்கு அமெரிக்கா வரியை உயர்த்தினால் ஆலைகள் ஊர் திரும்பும், அங்குள்ள தொழிலாளிக்கு வேலை கிடைக்கும். அதற்காக விலை கொஞ்சம் ஏறினால்தான் என்ன? பொருளியல் படித்தவர்கள் ஏன் இதை இவ்வளவு எதிர்க்கிறார்கள்?"

நான் பொருளியல் பேராசிரியர் கிடையாது. ஒஹையோ மாநிலத்தில் பம்ப் தயாரிக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் பத்தொன்பது வருடமாகக் கொள்முதல் பார்க்கிறேன். வரி கட்டிய ரசீது என் மேசைக்குத்தான் வருகிறது. அந்த மேசையிலிருந்து தெரிந்ததையும், இந்தத் துறையில் நல்ல ஆய்வாளர்கள் அளந்து சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன்.

சுருக்கமான பதில் வேண்டுபவர்களுக்கு: வரி போட்டால் சில ஆலைகள் வரத்தான் செய்யும், அதை மறுக்க மாட்டேன். ஆனால் போனது ஒரு வேலை, வருவது வேறொரு வேலை. பெரும்பாலும் போன ஊருக்கு அது திரும்புவதும் இல்லை. அதற்கான செலவைச் சுமப்பவர்களில் பெரும்பாலோர் அந்தத் தொழிலாளியைப் போலவே மாதச் சம்பளத்தில் வாழ்பவர்கள். இனி விரிவாக.

முதலில் பணம் யார் கட்டுகிறார்கள் என்பதைத் தெளிவாக்கிவிடுகிறேன், இங்கே குழம்பினால் மற்ற எல்லாமே குழம்பும். "சீனாவுக்கு 25 சதவீத வரி" என்று செய்தி வரும்போது, சீனா அந்தப் பணத்தை அமெரிக்க அரசிடம் கட்டுகிறது என்றே பலர் நினைக்கிறார்கள். கட்டுவது இறக்குமதி செய்கிற அமெரிக்க நிறுவனம். கன்டெய்னர் லாங் பீச் துறைமுகத்திலோ சவானா துறைமுகத்திலோ இறங்கும். எங்கள் கஸ்டம்ஸ் புரோக்கர் பொருளின் வகைப்பாட்டு எண், மதிப்பு, எந்த நாட்டில் செய்தது என்ற விவரங்களைத் தாக்கல் செய்வார். வரித்தொகை எங்கள் வங்கிக் கணக்கிலிருந்து எடுக்கப்படும். 100 டாலருக்கு வாங்கிய வார்ப்பு (இரும்பை உருக்கி அச்சில் ஊற்றிச் செய்த பாகம்) எங்கள் கிடங்குக்குள் நுழையும்போது 125 டாலர் ஆகியிருக்கும்.

அந்த 25 டாலரை மூன்று பேர் பங்கிடலாம். விற்பவர் விலையைக் குறைக்கலாம், நாங்கள் லாபத்தை விடலாம், எங்களிடம் வாங்குபவரிடம் ஏற்றி வாங்கலாம். ட்ரம்ப்பின் முதல் ஆட்சியில், 2018-19இல் வந்த வரிகளை மேரி அமிட்டி, ஸ்டீபன் ரெடிங், டேவிட் வைன்ஸ்டீன் ஆகியோர் சுங்கத் தரவுகளை வைத்து ஆராய்ந்தார்கள். வெளிநாட்டு விற்பனையாளர்கள் விலையை ஏறக்குறைய குறைக்கவே இல்லை, சுமை முழுக்க அமெரிக்கப் பக்கமே விழுந்தது என்பது அவர்கள் கண்ட முடிவு. எஃகில் மட்டும் நாள் போகப்போக வெளிநாட்டு ஆலைகள் ஒரு பங்கை ஏற்றன. என் அனுபவமும் அப்படித்தான். எங்களுக்கு வார்ப்பு அனுப்பிய சீனத்து ஃபவுண்டரிக்காரர் (வார்ப்பு ஆலைக்காரர்) கெஞ்சிக் கேட்டபின் இரண்டு மூன்று சதவீதம் இறங்கி வந்தார். அதற்கு மேல் அவரிடம் இடமில்லை. இரும்பு விலை, மின்சாரம், கூலி போக அவர் கையில் நின்றதே அவ்வளவுதான்.

கடைக்கு வரும்போது கணக்கு கொஞ்சம் மாறும். பெரிய கடைகள் வரி முழுவதையும் அன்றைக்கே விலைப்பட்டியலில் ஏற்றுவதில்லை. பழைய சரக்கு தீரும் வரை பொறுப்பார்கள், லாபத்தில் கொஞ்சம் விடுவார்கள், வரியே இல்லாத வேறு பொருளின் விலையைச் சற்றே கூட்டி ஈடுகட்டுவார்கள். 2025 மே மாதம் வால்மார்ட் விலை ஏறும் என்று வெளிப்படையாகச் சொன்னபோது, வரியை நிறுவனமே விழுங்கிக்கொள்ள வேண்டும் என்று அதிபர் ட்ரம்ப் எழுதினார். விழுங்க வேண்டியது ஓர் அமெரிக்க நிறுவனம் என்பதை அந்தச் சொல்லே ஒப்புக்கொள்கிறது.

இதையெல்லாம் ஒரே பொருளில் பார்க்க வேண்டுமானால் துணி துவைக்கும் இயந்திரத்தைப் பாருங்கள். இவ்வளவு சுத்தமாக அளக்கப்பட்ட வேறொரு வரி எனக்குத் தெரிந்து இல்லை.

ஒஹையோவின் க்ளைட் நகரில் அமெரிக்க நிறுவனமான வேர்ல்பூலின் பெரிய வாஷிங் மெஷின் ஆலை இருக்கிறது. சாம்சங்கும் எல்ஜியும் அடக்க விலைக்குக் கீழே விற்கின்றன என்று வேர்ல்பூல் புகார் செய்தது. தென்கொரியாவிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் வரும் இயந்திரங்களுக்கு 2012-13இல் எதிர்வரி வந்தது. கொரிய நிறுவனங்கள் உற்பத்தியைச் சீனாவுக்கு மாற்றின. சீனாவுக்கு வரி வந்ததும் தாய்லாந்துக்கும் வியட்நாமுக்கும் நகர்ந்தன. ஒரு நாட்டை மட்டும் குறிவைத்துப் போடும் வரிக்கு நடப்பது இதுதான்: ஆலை அடுத்த நாட்டுக்குப் போகும், அமெரிக்காவுக்கு வராது. விலையும் பெரிதாக ஏறாது, வேலையும் கூடாது.

2018 ஜனவரியில் அந்த ஓட்டைகளையும் அடைத்தார்கள். ஏறத்தாழ எல்லா நாடுகளுக்கும் வரி: ஆண்டுக்கு முதல் 12 லட்சம் இயந்திரங்கள் வரை 20 சதவீதம், அதற்கு மேல் 50 சதவீதம். இந்த முறை ஆலைகள் வந்தன. சாம்சங் தென் கரோலினாவின் நியூபெரியிலும், எல்ஜி டென்னஸியின் க்ளார்க்ஸ்வில்லிலும் உற்பத்தியைத் தொடங்கின. வரிக்கு முன்பே இரண்டு நிறுவனங்களும் ஆலையை அறிவித்திருந்தன என்றாலும், வரி வரப்போகிறது என்ற பயம் அந்த முடிவில் இருந்தது நிச்சயம். வேர்ல்பூலும் க்ளைட்டில் 200 பேரைச் சேர்த்தது.

விலை என்ன ஆனது? ஆரன் ஃப்ளேயன், அலி ஹோர்டாச்சு, ஃபெலிக்ஸ் டின்டல்நாட் மூவரும் கணக்கிட்டார்கள். வாஷிங் மெஷின் விலை ஏறத்தாழ 12 சதவீதம் ஏறியது, ஓர் இயந்திரத்துக்குச் சுமார் 86 டாலர். இதைவிட வியப்பு, துணி உலர்த்தும் இயந்திரமும் சுமார் 92 டாலர் ஏறியது. உலர்த்திக்கு வரியே கிடையாது! அமெரிக்கர்கள் இரண்டையும் ஜோடியாகத்தான் வாங்குவார்கள், ஒரே விலைச்சீட்டில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். அதனால் கம்பெனிகள் ஏற்றத்தை இரண்டின் மேலும் பிரித்துப் போட்டன. உள்நாட்டில் செய்த இயந்திரங்களும் சேர்ந்தே ஏறின. போட்டிக்காரர் விலையை ஏற்றும்போது உள்ளூர்க்காரர் பழைய விலையில் நிற்கக் காரணமில்லை. இது பலருக்குப் புரிவதில்லை: வரி வெளிநாட்டுப் பொருளின் மேல்தான் விழுகிறது, ஆனால் விலை கடையில் உள்ள எல்லாப் பொருளுக்கும் ஏறுகிறது.

மொத்தத்தில் ஆண்டுக்கு 150 கோடி டாலர் நுகர்வோர் கையிலிருந்து கூடுதலாகப் போனது. அரசுக்கு வரியாக வந்தது 8.2 கோடி டாலர். உருவான வேலைகள் சுமார் 1,800. வகுத்துப் பார்த்தால் ஒரு வேலைக்கு 8 லட்சம் டாலருக்கு மேல். அந்த வேலையில் இருப்பவரின் சம்பளம் இதில் ஒரு சிறு துண்டு. மீதி எங்கே போனது? பெரும்பகுதி நிறுவனங்களின் லாபத்திலும், இங்கே செய்வதற்கு ஆகும் கூடுதல் செலவிலும் கரைந்தது.

2009இல் ஒபாமா சீன டயர்களுக்கு 35 சதவீத வரி போட்டபோதும் கணக்கு இதே போலத்தான் வந்தது. பீட்டர்சன் என்ற பொருளியல் ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீட்டில் காப்பாற்றப்பட்டவை அதிகம் போனால் 1,200 வேலைகள், ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 9 லட்சம் டாலர். எந்தக் கட்சி போட்டாலும் வரி ஒரே மாதிரிதான் வேலை செய்கிறது.

இதில் என்னை உறுத்துவது சராசரிக் கணக்கு மட்டுமில்லை. ஆண்டுக்கு 2 லட்சம் டாலர் சம்பாதிக்கும் குடும்பம், துவைக்கும் இயந்திரத்துக்கும் உலர்த்திக்கும் சேர்த்து ஏறிய 178 டாலரைக் கவனிக்கவே கவனிக்காது. எங்கள் ஆலையின் அசெம்பிளி வரிசையில் நிற்கும் பெண்ணுக்கு அது ஒரு வாரத்து மளிகை. ட்ரம்ப்புக்கு வெகுகாலம் முன்பிருந்தே அமெரிக்க வரி அட்டவணையில் இந்த அநியாயம் இருக்கிறது. மலிவான செயற்கை இழையான ஆக்ரிலிக் நூலில் பின்னிய ஸ்வெட்டருக்கு 32 சதவீதம், கம்பளி ஸ்வெட்டருக்கு 16, விலையுயர்ந்த காஷ்மீர் ஆட்டு ரோம ஸ்வெட்டருக்கு வெறும் 4. ஆண்களுக்கான தோல் ஷூவுக்கு 8.5 சதவீதம், மலிவான கேன்வாஸ் ஷூ வகைகள் சிலவற்றுக்கு 48 சதவீதம் வரை. பணக்காரர் அணிவதற்குக் குறைவாகவும் ஏழை அணிவதற்கு அதிகமாகவும் வரி. அமெரிக்காவில் விற்கும் காலணிகளில் கிட்டத்தட்ட எல்லாமே இறக்குமதி என்பதால் இந்த வரி காப்பாற்றும் தொழிலாளிகள் மிகச் சொற்பம், கட்டும் தாய்மார்கள் கோடிக்கணக்கில்.

இப்போது ஆலைக்குள் வருவோம். வரி என்றால் நுகர்வோர் ஒரு பக்கம், தொழிலாளி மறுபக்கம் என்று பேசுவது வழக்கம். ஆலைகளே மிகப் பெரிய நுகர்வோர் என்பதை அந்தப் பேச்சு விட்டுவிடுகிறது. அமெரிக்க இறக்குமதியில் பெரும்பங்கு பாகங்களும் மூலப்பொருள்களும் இயந்திரங்களும்தான்.

2018 மார்ச்சில் எஃகுக்கு 25 சதவீதமும் அலுமினியத்துக்கு 10 சதவீதமும் வரி வந்தது. எஃகு ஆலைகளுக்கு அது நல்ல காலம். இல்லினாய்ஸின் க்ரானைட் சிட்டியில் அணைத்து வைத்திருந்த ஊதுலையை (இரும்புத் தாதுவை உருக்கும் பெரிய உலையை) யு.எஸ். ஸ்டீல் நிறுவனம் மறுபடி ஏற்றியது. அந்த ஊரில் வேலைக்குத் திரும்பியவர்களின் மகிழ்ச்சி உண்மையானது, அதைச் சிறுமைப்படுத்த நான் வரவில்லை. ஆனால் எஃகு செய்பவர் ஒருவருக்கு எஃகை வாங்கிப் பொருள் செய்பவர் 80 பேர் என்பது லிடியா காக்ஸ், காடி ரஸ் இருவரின் கணக்கு. அந்த 80 பேரின் நிலை என்ன?

மிசௌரி மாநிலத்தில் பாப்லர் பிளஃப் என்ற சிறிய ஊர். அங்கே மிட்-கான்டினென்ட் நெயில் என்ற ஆணித் தொழிற்சாலையில் சுமார் 500 பேர். அவர்கள் மெக்சிகோவிலிருந்து எஃகுக் கம்பி வாங்கி ஆணி அடிப்பவர்கள். கம்பிக்கு 25 சதவீத வரி வந்தது. வெளிநாட்டில் செய்து வரும் ஆணிக்கோ அப்போது அந்த வரி கிடையாது. கம்பியாக வந்தால் வரி, ஆணியாக வந்தால் இல்லை என்ற நிலை. விலையை ஏற்றியதும் ஆர்டர்கள் பாதியாகின, 2018 ஜூனில் 60 பேரை அனுப்பினார்கள், மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பத் தொடங்கினார்கள். அந்த நிறுவனத்துக்கு வரிவிலக்கு கிடைக்க 2019 ஏப்ரல் ஆனது. வாஷிங் மெஷின் வரியைக் கேட்டு வாங்கிய வேர்ல்பூலும், அடுத்த சில மாதங்களில் எஃகு விலை ஏறிவிட்டது என்று முதலீட்டாளர்களிடம் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் ஆய்வாளர்கள் ஆரன் ஃப்ளேயனும் ஜஸ்டின் பியர்ஸும் 2018இன் வரிகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தார்கள். வரிப் பாதுகாப்பால் உற்பத்தித் துறையில் கொஞ்சம் வேலை கூடியது. மூலப்பொருள் விலையேற்றமும் பிற நாடுகளின் பதில் வரியும் அதைவிட அதிகமாகத் தின்றுவிட்டன. நிகரமாக வேலைகள் குறைந்தன.

எங்கள் ஆலைக் கதையையும் சொல்கிறேன். பம்பின் உடல்பகுதி வார்ப்பிரும்பு. அதைச் சீனாவிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தோம். 25 சதவீத வரி வந்ததும் முதலாளி என்னிடம் சொன்னது, "முதலில் இங்கேயே யாராவது இருக்கிறார்களா பார்." பார்த்தேன். ஒஹையோவிலும் இண்டியானாவிலும் விஸ்கான்சினிலும் ஃபவுண்டரிகளுக்கு நானே காரோட்டிப் போனேன். எங்கள் அளவு வார்ப்பைச் செய்யக்கூடியவை சிலவே மிஞ்சியிருந்தன. அவற்றிலும் மணல் அச்சு பிடிக்கத் தெரிந்தவர்கள் ஓய்வு பெறும் வயதில் இருந்தார்கள், பெரிய வாடிக்கையாளர்களின் வேலையே நிரம்பி வழிந்தது. எங்களைப் போன்ற சிறு ஆர்டருக்கு விலை சொல்லவே இருவர் மறுத்தார்கள். விலை சொன்ன ஒருவரின் தொகை, வரி கட்டிய சீன விலையைவிடக் கணிசமாக அதிகம்.

கடைசியில் வார்ப்பு எங்கே போனது தெரியுமா? கோயம்புத்தூருக்கு. பம்பும் ஃபவுண்டரியும் அந்த ஊரின் ரத்தத்தில் இருக்கின்றன. பேட்டர்ன்களை (அச்சு எடுக்கும் மாதிரி உருவங்களை) மாற்றி, மாதிரி வார்ப்பு எடுத்து, அளவு பார்த்து, அழுத்தச் சோதனை முடித்து, முதல் கன்டெய்னர் வந்து சேர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அந்த ஒரு வருடமும் சீன வார்ப்புக்கு வரி கட்டிக்கொண்டிருந்தோம். அந்தப் பணத்தில் கணினிக் கட்டளைப்படி உலோகம் கடையும் ஒரு புதிய சி.என்.சி. இயந்திரம் வாங்கும் திட்டம் தள்ளிப்போனது. அந்த இயந்திரத்தை இயக்க இருவரை எடுத்திருப்போம். அந்த இருவர் எந்தப் புள்ளிவிவரத்திலும் வர மாட்டார்கள். 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் பலவற்றுக்கும் வரி 50 சதவீதம் ஆனபோது, நான் மறுபடியும் உலக வரைபடத்தை விரித்துவைத்து உட்கார்ந்தேன்.

இவ்வளவும் படித்தபின், "அப்படியானால் வரியை ஆதரிக்கும் தொழிலாளிகள் ஏமாந்தவர்களா?" என்று கேட்கலாம். இல்லை. இந்த இடத்தில் வரியை எதிர்க்கும் அறிஞர்கள் பலரோடு எனக்கு மனத்தாங்கல் உண்டு.

அமெரிக்க உற்பத்தித் துறை வேலைகள் 1979இல் 1 கோடியே 95 லட்சம் என்ற உச்சத்தைத் தொட்டன. 2000இல் ஏறத்தாழ 1 கோடியே 72 லட்சம். பத்தே வருடத்தில், 2010இன் தொடக்கத்தில், 1 கோடியே 15 லட்சம். இயந்திரமயமாதல் ஒரு காரணம், மந்தநிலை ஒரு காரணம். ஆனால் 2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தபின் நடந்தது தனிக் கதை. டேவிட் ஆட்டர், டேவிட் டார்ன், கார்டன் ஹான்சன் ஆகியோர் சேர்ந்து செய்த ஆய்வுகள் 1999 முதல் 2011 வரை சீன இறக்குமதியால் போன வேலைகளை 20 முதல் 24 லட்சம் என்று மதிப்பிட்டன. பொருளியல் பாடநூல் என்ன சொன்னது? ஓர் ஊரில் வேலை போனால் ஆட்கள் வேறு ஊருக்கு, வேறு தொழிலுக்குப் போவார்கள் என்றது. அவர்கள் போகவில்லை. விர்ஜினியாவிலும் வட கரோலினாவிலும் மேசை நாற்காலி, கட்டில் செய்த ஊர்களில் வீட்டு விலை விழுந்தது, வீட்டை விற்றுவிட்டுக் கிளம்பக்கூட முடியவில்லை. ஐம்பது வயதில் மரம் இழைப்பதைத் தவிர வேறொன்றும் தெரியாதவர் எங்கே போவார்? கடைகளில் பொருள் மலிவானதால் நாடு முழுவதும் கொஞ்சம் கொஞ்சம் லாபம் அடைந்தது, சில ஊர்கள் மட்டும் முழு நட்டத்தையும் சுமந்தன. அந்த லாபத்தில் ஒரு பங்கை எடுத்து அந்த ஊர்களுக்குக் கொடுப்போம் என்றுதான் எல்லா அரசுகளும் சொல்லிவந்தன. போதுமான அளவு யாரும் கொடுக்கவில்லை.

அதனால்தான் 2025 மார்ச்சில் கார்களுக்கு 25 சதவீத வரி அறிவிக்கப்பட்டபோது வாகனத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஷான் ஃபெயின் அதை வரவேற்றார். தேர்தலில் அவர் ட்ரம்ப்பை எதிர்த்துப் பிரசாரம் செய்தவர். மூடிக்கிடக்கும் ஆலைகளின் சாவியை யாராவது கையில் எடுத்தால் போதும் என்ற நிலையில் இருப்பவர்களின் குரல் அது. அதே ஆட்டர் குழுவினர் 2018-19 வரிகளையும் ஆராய்ந்தார்கள். பாதுகாக்கப்பட்ட ஊர்களில் வேலை கூடவில்லை, குறையவும் இல்லை. ஆனாலும் அந்த ஊர்களில் வரி போட்ட கட்சிக்கு ஆதரவு கூடியது. எங்களுக்காக யாரோ நிற்கிறார்கள் என்ற உணர்வுக்கு மனிதர்கள் கொடுக்கும் மதிப்பு அவ்வளவு. அதை அறியாமை என்று ஒதுக்குபவர்களால் இந்தப் பிரச்சினையைப் புரிந்துகொள்ள முடியாது.

ஆனால் திரும்பி வரும் ஆலை, வேலை இழந்த அந்த ஐம்பது வயது மனிதரை எடுத்துக்கொள்ளுமா? 1980களின் தொடக்கத்தில் ஒரு டன் எஃகு செய்ய ஏறத்தாழ 10 மனித மணி நேரம் தேவைப்பட்டது. இப்போது 2 மணி நேரத்துக்கும் குறைவு. பழைய ஊதுலைகளுக்குப் பதிலாக, பழைய இரும்பை மின்சாரத்தில் உருக்கும் ஆலைகள் வந்துவிட்டன. அவை பழைய எஃகு நகரமான பிட்ஸ்பர்க்கைத் தேடிப் போகவில்லை, அர்கன்சாஸ் போன்ற தென் மாநிலங்களில் எழுந்தன. 2016 முடிவில் இண்டியானாபொலிஸ் கேரியர் ஆலையை மெக்சிகோவுக்குப் போகவிடாமல் ட்ரம்ப் தடுத்தபோது நாடே பேசியது. தங்கிய வேலைகள் சுமார் 800. அந்த ஆலையில் முதலீடு செய்யப்போகும் 1.6 கோடி டாலர் இயந்திரமயமாக்கலுக்குப் போகும், முடிவில் ஆட்கள் குறைவார்கள் என்று தாய் நிறுவனத்தின் தலைவர் அப்போதே தொலைக்காட்சியில் சொன்னார். அமெரிக்கக் கூலியில் லாபம் பார்க்க வேண்டுமானால் வேறு வழியில்லை. ரோபோவைப் பழுதுபார்க்கத் தெரிந்த இளைஞருக்கு நல்ல சம்பளம் கிடைக்கும். கட்டில் கடைந்தவருக்கு அந்தக் கதவு திறக்காது.

ஆலை திரும்பி வந்து நன்றாக நடந்த கதையும் உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. 1981இல் ரீகன் அரசின் நெருக்குதலால் ஜப்பான் தன் கார் ஏற்றுமதியை ஆண்டுக்கு 16.8 லட்சம் என்று கட்டுப்படுத்திக்கொண்டது. 1982 நவம்பரில் ஒஹையோவின் மேரிஸ்வில்லில் ஹோண்டாவின் முதல் அமெரிக்க அக்கார்ட் வெளிவந்தது. பின்னால் நிசான் டென்னஸிக்கும் டொயோட்டா கென்டக்கிக்கும் வந்தன. என் பக்கத்து வீட்டுக்காரர் மேரிஸ்வில்லில்தான் ஓய்வு பெற்றார், பிள்ளைகளைக் கல்லூரியில் படிக்கவைத்தது அந்தச் சம்பளம். ஆனால் கவனியுங்கள். ஹோண்டா அங்கே மோட்டார் சைக்கிள் ஆலையை 1979இலேயே தொடங்கிவிட்டது, கார் ஆலைக்கான முடிவும் கட்டுப்பாட்டுக்கு முன்பே எடுத்தது. பெரிய சந்தை, நிலையான விதி, உதிரிபாகங்களை மட்டான வரியில் கொண்டுவரும் வசதி, கற்றுக்கொள்ள ஆயத்தமான ஆட்கள், இவை எல்லாம் சேர்ந்து நடந்தது. இடைப்பட்ட காலத்தில் கார் வாங்கிய அமெரிக்கர்கள் கூடுதல் விலை கொடுத்தார்கள். எண்ணிக்கைக்குத்தான் கட்டுப்பாடு என்பதால் ஜப்பானியர்கள் மலிவான கார்களைக் குறைத்து விலையுயர்ந்த கார்களை அனுப்பத் தொடங்கினார்கள்.

மேற்சொன்னவற்றில் "நிலையான விதி" என்பதை இன்னொரு முறை சொல்ல வேண்டும். ஆலை கட்டுவது இருபது முப்பது வருடக் கணக்கு. அரிசோனாவில் சிப் ஆலை கட்டப்போவதாகத் தைவானின் டி.எஸ்.எம்.சி. 2020 மே மாதம் அறிவித்தது. உள்நாட்டில் சிப் செய்வதற்கு உதவும் 2022இன் சிப்ஸ் சட்டத்தின் கீழ் 660 கோடி டாலர் மானியமும் கிடைத்தது. பயிற்சி பெற்ற ஆட்கள் போதவில்லை என்று தேதி தள்ளிப்போய், தைவானிலிருந்து ஆட்களை அழைத்துவந்து, உற்பத்தி தொடங்க நாலு வருடத்துக்கு மேல் ஆனது. உலகின் மிகத் திறமையான நிறுவனத்துக்கே அவ்வளவு காலம். மறுபுறம், விஸ்கான்சினில் 13,000 பேருக்கு வேலை என்று 2017இல் வெள்ளை மாளிகையில் வைத்து அறிவிக்கப்பட்ட, தைவான் மின்னணு நிறுவனமான ஃபாக்ஸ்கானின் திட்டம், 2021இல் 1,454 வேலைகள் என்று சுருங்கியது. அந்த நிலத்துக்காக வீடுகளைக் கொடுத்துவிட்டு நகர்ந்த குடும்பங்கள் உண்டு.

இந்தக் கால அளவை மனதில் வைத்துக்கொண்டு 2025ஐப் பாருங்கள். சீனப் பொருளுக்குப் பிப்ரவரியில் கூடுதலாக 10 சதவீதம், மார்ச்சில் 20, ஏப்ரலில் 145, மே மாதம் 30. ஏப்ரல் 2 அன்று பெரும்பாலான நாடுகளுக்கு அறிவித்த வரி, ஒரு வாரத்தில் 90 நாள் நிறுத்திவைக்கப்பட்டது. எங்கள் முதலாளி எழுபது வயதுக்காரர், இந்த நாட்டில் செய்ய வேண்டும் என்று உண்மையாகவே விரும்புபவர். சொந்தமாக ஒரு சிறிய ஃபவுண்டரி போடலாமா என்று கணக்குப் போட்டுவைத்திருந்தார். "அடுத்த வருடம் இந்த வரி இருக்குமா?" என்று என்னைக் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை, வங்கிக்கும் தெரியவில்லை. கோப்பு அலமாரிக்குள் போய்விட்டது. 2025இல் சுங்க வருவாய் முந்தைய ஆண்டைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது, நாட்டின் உற்பத்தித் துறை வேலைகளோ அந்த ஆண்டில் குறைந்தன.

விவசாயிகளைப் பற்றி நீளமாக எழுதலாம், ஒன்று மட்டும் சொல்கிறேன். 2018 ஜூலையில் சீனா பதிலுக்கு அமெரிக்க சோயாபீன்ஸ் மேல் 25 சதவீத வரி போட்டது. வாங்குபவர் பிரேசிலுக்குப் போய்விட்டார். இரண்டு ஆண்டுகளில் 2,800 கோடி டாலர் வரை விவசாயிகளுக்கு நிவாரணம் என்று அரசு அறிவித்தது. இழந்த வாடிக்கையாளரை நிவாரணத்தால் திரும்பக் கொண்டுவர முடியவில்லை.

காபியும் அப்படியே. அமெரிக்காவில் ஹவாய், போர்ட்டோ ரிக்கோ தவிரப் பெரிதாகக் காபி விளைவதில்லை. வரி போட்டால் திரும்பி வருவதற்கு இங்கே தோட்டமே இல்லை. 2025இல் பிரேசில் காபிக்கு 50 சதவீதம் வரை வரி போட்டு, கடையில் விலை ஏறி, நவம்பரில் காபியையும் வாழைப்பழத்தையும் விலக்கினார்கள். திருப்பூரில் தைத்த டி-ஷர்ட்டுக்கு வரி போட்டாலும் ஏறக்குறைய இதே நிலைதான். திருப்பூரில் ஒரு தையல் வரிசை நிற்கும், வங்கதேசத்திலோ வியட்நாமிலோ ஒரு வரிசை கூடும். தென் கரோலினாவில் யாரும் அந்தக் கூலிக்குத் தைக்க உட்காரப்போவதில்லை, உட்கார வேண்டும் என்று நான் ஆசைப்படவும் மாட்டேன்.

அப்படியானால் எதுவுமே செய்யக் கூடாதா? என் கருத்தைச் சொல்கிறேன். சிப், மருந்தின் மூலப்பொருள், பெரிய மின்மாற்றி போன்று நாளை வேறொரு நாடு நிறுத்திவிட்டால் நாடே முடங்கும் பொருள்கள் சிலவே. அவற்றை இங்கே செய்யக் கூடுதல் செலவு ஆகும் என்று மக்களிடம் வெளிப்படையாகச் சொல்லி, அந்தச் செலவைப் பொதுப் பணத்திலிருந்து கொடுப்பது, ஏழையின் ஸ்வெட்டரிலிருந்து எடுப்பதைவிட நியாயம். வரிதான் வழி என்றால் குறுகிய பட்டியலாக, எத்தனை வருடம் என்று முன்பே சொல்லி, மூலப்பொருளை விட்டுவிட்டுப் போட வேண்டும். அச்சுப் பிடிக்கவும், பற்றவைக்கவும், சி.என்.சி. ஓட்டவும் கற்றுத்தரும் இடங்களுக்கு முதலில் பணம் போக வேண்டும். ஒஹையோவில் நான் தேடிப்போன ஃபவுண்டரிகளுக்கு வரியைவிட ஆட்கள்தான் தேவைப்பட்டார்கள்.

வேலை இழந்தவர்களுக்கு என்ன கொடுத்தோம் என்று கேட்டால் ஒரு சட்டத்தைக் காட்ட வேண்டும். 1962இல் கென்னடி கையெழுத்திட்ட வர்த்தக விரிவாக்கச் சட்டத்தில் 232 என்று ஒரு பிரிவு உண்டு. நாட்டுப் பாதுகாப்பைக் காரணம் காட்டி எஃகுக்கும் அலுமினியத்துக்கும் கார்களுக்கும் வரி போட்டது அதன்படிதான். அதே சட்டத்தில்தான், இறக்குமதியால் வேலை போனவருக்குப் பயிற்சியும் உதவித்தொகையும் தரும் திட்டம் பிறந்தது. அறுபது வருடம், போதாமல் இருந்தாலும், அது இருந்தது. நாடாளுமன்றம் புதுப்பிக்காமல் விட்டதால் 2022 ஜூலை 1 முதல் அந்தத் திட்டத்தில் புதிய தொழிலாளர் குழுக்களைச் சேர்ப்பதில்லை. எங்கள் ஊரிலேயே ஒரு பாக ஆலை மூடியபோது, விண்ணப்பத் தாளோடு வந்த நாற்பது வயதுக்காரர் ஒருவருக்கு அதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.